உடையாத மோதிரமும் ஒரு பெட்டி மண்ணும்

(இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு நாவலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. உங்களில் பலர் பீட்டர் ஜாக்சன் இயக்கிய மூன்று படங்கள் வழியாக இந்தக் கதையை அறிந்திருப்பீர்கள். அவை 2001 முதல் 2003 வரை வெளிவந்தன. நாவல் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1954, 1955 ஆண்டுகளில், மூன்று பகுதிகளாக வந்துவிட்டது. படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். ஆனால் என் பேச்சின் நடுவில் வந்து உட்காரப் போகிற பொருள் ஒரு சின்ன மரப்பெட்டி. அந்தப் பெட்டி படத்தில் இல்லை. அதனால்தான் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

துன்பத்தைத் தாங்கி நிற்பதற்கும், விழுந்தபின் எழுவதற்கும் இந்த நாவல் எவற்றை அடையாளமாக வைக்கிறது? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. இப்படிக் கேட்டதும் மனம் கோட்டை, பாறை, வாள் என்று போகும். மிகைபுனைவு நாவல் என்றால் இன்னும் விரைவாகப் போகும். நான் வேறொரு இடத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த நாவலிலேயே மிக உறுதியான பொருள் எது? அந்த மோதிரம்.

இரண்டாவது அத்தியாயத்தில் மந்திரவாதி காண்டால்ஃப் மோதிரத்தை வாங்கி, ஷயர் என்ற நாட்டுப்புறத்தில் வாழும் ஹாபிட் எனும் குள்ள இனத்தைச் சேர்ந்த ஃப்ரோடோவின் வீட்டுக் கணப்பு நெருப்பில் வீசுகிறார். ஃப்ரோடோ பதறுகிறான். வெளியே எடுத்தால் அது சூடேறவே இல்லை. எந்தக் கொல்லன் உலையும் அதை உருக்காது, எந்தச் சம்மட்டியும் அதை நசுக்காது. இருளரசன் சாரோனின் மோர்டோர் நாட்டில் அது பிறந்த எரிமலையின் நெருப்பு ஒன்றுதான் அதை அழிக்கும்; அங்கே அதைச் சுமந்துபோவதுதான் ஃப்ரோடோவின் பயணம். அதை வைத்திருப்பவர்களும் அழியாமல் நீள்கிறார்கள். ஃப்ரோடோவுக்கு முன் அதை வைத்திருந்த பில்போ 111 வயதில் மூப்பே தட்டாமல் இருக்கிறார். ஆனால் உள்ளுக்குள் தான் இழுபட்டு மெலிந்துவிட்டதாக உணர்கிறார். கொல்லம் என்ற அந்தப் பாவப்பட்ட பிறவி ஏறக்குறைய 500 ஆண்டுகள் அதோடு இருட்டில் வாழ்ந்திருக்கிறது. வளரவில்லை, புதிதாக ஒன்றும் பெறவில்லை, சாகவும் இல்லை. சாரோனிடமிருந்து ஒன்பது மோதிரங்களை வாங்கிக்கொண்ட மனித அரசர்களும் அப்படித்தான். உருவம் மங்கி, வெறும் நிழல்களாகி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தொடர்கிறார்கள். துரோகியாகிவிட்ட மந்திரவாதி சாருமானின் ஓர்தாங்க் கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாறைகளைக் கையால் பிய்த்தெறியும் எண்ட்கள், அந்த நடமாடும் மர மனிதர்கள், முழு ஆத்திரத்தோடு மோதியும் அதில் பெரிதாக ஒரு சேதமும் செய்ய முடியவில்லை.

ஆக, இந்த நாவலில் உடையாமல் இருப்பது ஒரு சிறப்பே இல்லை. கீறல் விழாத பொருள்கள் பெரும்பாலும் தீமையின் பக்கம் நிற்கின்றன. நல்லவை எல்லாம் உடைகின்றன, வாடுகின்றன, தலை துண்டிக்கப்படுகின்றன. யாரோ ஒருவர் எடுத்து வைத்துக் காப்பாற்றினால்தான் அவை தொடர்கின்றன. டோல்கீனைப் பல ஆண்டுகளாக வாசித்து வந்ததில் நான் கண்டது இதுதான். இனிச் சொல்லப் போவதெல்லாம் இதற்கான சான்றுகள்.

முதலில் வாள். எலெண்டில் என்ற அரசன் சாரோனோடு போரிட்டு மடிகிறான். அவன் விழும்போது அவனுக்கடியில் அவன் வாள் நார்சில் முறிகிறது. மகன் இசில்டூர் அந்த முறிந்த வாளின் பிடியோடு ஒட்டியிருந்த துண்டால்தான் சாரோனின் விரலை வெட்டி மோதிரத்தை எடுக்கிறான். நாவலின் மிகப் பெரிய வெற்றி முழு வாளால் கிடைத்ததல்ல. அதற்குப் பிறகு ஏறக்குறைய 3,000 ஆண்டுகள் அந்தத் துண்டுகளை ஒரு வம்சம் தலைமுறை தலைமுறையாகக் காக்கிறது. அரசு போய்விட்டது, அரண்மனை போய்விட்டது, காட்டு வழிகளில் அலையும் காவலர்களாகிவிட்டார்கள். துண்டுகள் மட்டும் அவர்களிடம் இருக்கின்றன. எல்ஃப் இனத்தாரின் ஊரான ரிவெண்டெல்லில் கொல்லர்கள் அதை மறுபடி காய்ச்சி அடித்துக் கொடுக்கும்போது அதற்கு அண்டூரில் என்று புதுப் பெயர்.

அடுத்தது கோண்டோர் நாட்டின் மினாஸ் டிரித் நகரிலுள்ள வெள்ளை மரம். இதைப் படத்திலும் பார்த்திருப்பீர்கள். மூலமரம் கடலில் மூழ்கிய நூமெனோர் தீவில் இருந்தது. அது வெட்டப்படும் முன் இசில்டூர் இரவில் காவலைக் கடந்து ஒரு பழத்தைப் பறித்துவருகிறான். தப்பும்போது உடம்பெல்லாம் காயம். ஒரு பழத்துக்காக ஓர் இளவரசன் சாவின் விளிம்புவரை போகிறான். அந்த வழியில் வந்த மரம்தான் கோண்டோரின் முற்றத்தில் நின்றது. அதுவும் ஒருநாள் பட்டுப்போகிறது, நட்டுவைக்கக் கன்று ஒன்றும் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வெட்டவில்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகள் அந்தப் பட்ட மரத்தை நீரூற்றின் பக்கத்தில் அப்படியே நிற்க விட்டார்கள். கோட்டைக் காவலர்களின் கறுப்புச் சீருடையில் பூத்த வெள்ளை மரம் பின்னப்பட்டிருக்கிறது. அவர்கள் காவல் காப்பதோ காய்ந்த மரத்தை.

போர் முடிந்த பிறகு, முறிந்த வாளைக் காத்த வம்சத்தின் வாரிசான அரகார்னை காண்டால்ஃப் நகருக்குப் பின்னாலுள்ள மிண்டொலூயின் மலைக்கு அழைத்துப் போகிறார். பனியின் விளிம்பில், ஒன்றும் முளைக்காத சரிவில், மூன்றடிகூட உயராத ஒரு கன்று நிற்கிறது. அதே மரத்தின் வழித்தோன்றல். யாரும் அறியாமல் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த வித்து. அரகார்ன் அதைக் கொண்டுவந்து முற்றத்தில் நடுகிறான். இதற்கு அடுத்து வருவதை வாசகர்கள் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். பழைய பட்ட மரத்தை அவர்கள் எரிக்கவில்லை, விறகாக்கவில்லை. மரியாதையோடு எடுத்துப்போய், அரசர்களை அடக்கம் செய்த தெருவில் கிடத்துகிறார்கள். இத்தனை காலம் பட்டு நின்றதையும் ஒரு பணியாகவே அந்த மக்கள் மதித்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது ஒரு சிறு காட்சி. ஃப்ரோடோவும் அவனோடு வரும் தோட்டக்காரன் சாமும் மோர்டோரை நெருங்கும் நாற்சந்தியில் ஒரு பழைய அரசனின் கற்சிலை. எதிரிப் படையினர் அதன் தலையை உடைத்துத் தள்ளிவிட்டு, ஒரு கரட்டுக் கல்லை வைத்து அதில் இளிக்கும் முகத்தை வரைந்திருக்கிறார்கள். மறையும் சூரியனின் வெளிச்சம் சட்டென்று சாய்ந்து விழ, சாலையோரம் உருண்டு கிடக்கும் அந்தத் தலையை ஃப்ரோடோ பார்க்கிறான். சின்ன வெள்ளைப் பூக்கள் பூத்த ஒரு கொடி அதன் நெற்றியைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. அரசனுக்கு மறுபடி முடி சூட்டியாயிற்று என்கிறான் ஃப்ரோடோ. அந்த முடியைச் சூட்டியது பெயர் தெரியாத ஒரு கொடி.

இப்படி எழுதிய மனிதர் யார் என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டோல்கீன் 1892-ல் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டெய்னில் பிறந்தவர். 4 வயதில் தந்தையையும் 12 வயதில் தாயையும் இழந்தார். பர்மிங்ஹாம் பள்ளியில் அவருக்கு நெருங்கிய நண்பர்கள் மூவர். 1916-ல் பிரான்சின் சொம் போர்முனைக்கு லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவின் சமிக்ஞை அதிகாரியாகப் போனார். அந்தப் போரின் முதல் நாளான ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்த நண்பர்களில் ஒருவரான ராபர்ட் கில்சன். டிசம்பரில் இன்னொரு நண்பர் ஜெஃப்ரி ஸ்மித் இறந்தார். பேன்களால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு நவம்பரில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டதால் டோல்கீன் பிழைத்தார்.

இந்த நாவலை அந்தப் போரின் உருவகமாகவோ இரண்டாம் உலகப் போரின் உருவகமாகவோ வாசிப்பதை அவர் விரும்பவில்லை. இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். நாம் அதை மதிக்க வேண்டும். ஆனால் பிணங்கள் மிதக்கும் சதுப்பு நிலக் காட்சி சொம் போருக்குப் பிந்தைய வட பிரான்சுக்குக் கடன்பட்டது என்று ஒரு கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தோட்டக்காரன் சாமுக்குள் தாம் கண்ட சாதாரணச் சிப்பாய்களும், அதிகாரிகளுக்குப் பணிவிடை செய்த படைவீரர்களும் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். ஃப்ரோடோவும் சாமும் மோர்டோரை நோக்கி நடக்கும் பகுதியை அவர் எழுதியது 1944-ல். அப்போது அவருடைய மகன் கிறிஸ்டோஃபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அத்தியாயங்கள் ஒவ்வொன்றாகக் கடல் கடந்து அவருக்குப் போயின.

அவருடைய படிப்பும் இங்கே முக்கியம். 1936-ல் பிரிட்டிஷ் அகாடமியில் ‘பெவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். அதில் வடபுல மக்களின் தொன்மத்தை வியக்கிறார். அந்தத் தொன்மத்தில் கடைசிப் போரில் தேவர்கள் தோற்பார்கள். அது முன்பே தெரியும். தெரிந்தும் மனிதர்கள் தேவர்கள் பக்கம் நின்று போரிடுவார்கள், தோற்பதால் தங்கள் பக்கம் தவறாகிவிடாது என்று நம்புவார்கள். சில ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆற்றிய உரையில் வேறொன்றைச் சொல்கிறார். பேரழிவின் விளிம்பில் எதிர்பாராமல் ஒரு நன்மை வந்து கதையைத் திருப்ப வேண்டும், தேவதைக் கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது என்கிறார். நம்பிக்கை இல்லாமலே நிற்பது, நம்பிக்கைக்கு எதிராகவே நல்லது நடப்பது. இந்த இரண்டும் சந்திக்கிற பாத்திரம்தான் சாம்.

சாமிடம் வருவோம். மோர்டோரின் எல்லையிலுள்ள சிரித் உங்கோல் கோபுரத்தில், எதிரிகள் பிடித்துப்போன ஃப்ரோடோவைத் தேடி அலுத்து, இருட்டில் உட்கார்ந்து அவன் பாடுகிறான். அது ஒரு சவால் மாதிரியான பாட்டு. பிறகு மோர்டோருக்குள், மலை இடுக்கில் ஃப்ரோடோ தூங்கும்போது, புகை விலகிய ஒரு துண்டு வானத்தில் வெள்ளை நட்சத்திரம் ஒன்றைக் காண்கிறான். சாரோனின் இந்த நிழல் சின்னது, கடந்துபோகக்கூடியது, அது எட்ட முடியாத வெளிச்சமும் அழகும் எப்போதும் உண்டு என்று அவனுக்குப் படுகிறது. இங்கே டோல்கீன் நுட்பமான ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். கோபுரத்தில் பாடியபோது சாம் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது தன் கதியும், தன் எஜமானின் கதியும்கூட, அவனைத் தொந்தரவு செய்யவில்லை. அச்சத்தைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே ஆழ்ந்து தூங்கிவிடுகிறான். எதிரியின் நாட்டில், காவல் காக்க வேண்டியவன், நிம்மதியாகத் தூங்குகிறான்.

லெம்பாஸ் என்ற ரொட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்ஃப்கள் இலையில் பொதிந்து கொடுத்த மெல்லிய அடை. ஒன்றைத் தின்றால் ஒருநாள் முழுக்க நடக்கலாம். நாக்குக்குத் திருப்தி தராது, சாம் சாதாரண ரொட்டிக்கு ஏங்குகிறான். ஆனால் வேறு உணவோடு கலக்காமல் அதை மட்டுமே உண்ணும்போது மனவுறுதியை அது வளர்க்கிறது. கொல்லத்தின் தொண்டையில் அது இறங்கவே இறங்காது. படத்தில் இந்த ரொட்டியை வைத்து ஃப்ரோடோவுக்கும் சாமுக்கும் சண்டை மூட்டி, சாமைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நாவலில் அப்படியொரு பிரிவு கிடையாது. அந்த மாற்றத்தை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. உணவே நட்பைத் தாங்கிப் பிடிக்கிற இடத்தில் அதைச் சந்தேகத்தின் கருவியாக்கிவிட்டார்கள்.

இப்போது அந்தப் பெட்டி.

வழியில் தங்கிய லோத்லோரியன் என்ற எல்ஃப் நாட்டை விட்டுப் புறப்படும்போது அதன் தலைவி கலாட்ரியல் பயணக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பரிசு தருகிறாள். அரகார்னுக்கு வாளுறை, ஃப்ரோடோவுக்கு நட்சத்திர ஒளி அடைத்த கண்ணாடிக் குப்பி. சாமுக்கு வேலைப்பாடு அதிகமில்லாத சாம்பல் நிற மரப்பெட்டி. உள்ளே அவள் தோட்டத்து மண். இது வழியில் உன்னைக் காப்பாற்றாது, ஆபத்தைத் தடுக்காது, வீடு திரும்பினால் மட்டும் பயன்படலாம் என்று சொல்லியே கொடுக்கிறாள். சில நாள்களுக்கு முன்புதான் அவளுடைய நீர்க்கண்ணாடியில் தன் ஊர் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்படுவதைப் பார்த்து, உடனே ஊருக்குப் போக வேண்டும் என்று சாம் துடித்தான். போகாமல் தன்னை அடக்கிக்கொண்டவனுக்குத்தான் இந்தப் பரிசு.

கொடுத்தவள் நிலையையும் யோசியுங்கள். லோத்லோரியனின் அழகைக் காலத்தின் கையிலிருந்து காத்து வருவது அவள் விரலில் உள்ள மோதிரத்தின் சக்தி. பெரிய மோதிரம் அழிந்தால் இதன் சக்தியும் போய்விடும். அதாவது ஃப்ரோடோவின் பயணம் வென்றால் அவள் தோட்டம் மங்கும். அது தெரிந்தே பயணத்துக்கு உதவுகிறாள். தெரிந்தே அந்தத் தோட்டத்தின் ஒரு பிடி மண்ணை ஒரு தோட்டக்காரன் கையில் வைக்கிறாள். தன் நாடு தொடர வேண்டுமானால் வேறொருவர் ஊரில்தான் தொடர முடியும் என்று அவள் முடிவுசெய்துவிட்டாள்.

மோர்டோரின் கடைசிச் சமவெளியில் சாம் கணக்குப் போட்டுப் பார்க்கிறான். இருக்கிற ரொட்டி எரிமலைவரை போக மட்டும் போதும். திரும்பி வர ஒன்றும் மிஞ்சாது. அந்த நொடியில் அவன் நம்பிக்கை செத்துப்போகிறது. அது செத்த இடத்தில் ஒரு புதிய உறுதி பிறக்கிறது என்று எழுதுகிறார் டோல்கீன். இருவரும் சுமையைக் குறைக்கிறார்கள். சாம் தன் சமையல் பாத்திரங்களை ஒரு பிளவுக்குள் போடுகிறான். ஷயரிலிருந்து சுமந்து வந்தவை, முயல் கறி சமைத்தவை. அவை உருண்டு விழும் ஓசை அவனுக்குச் சாவு மணிபோல் கேட்கிறது. எஞ்சிய ரொட்டி, தண்ணீர்ப் புட்டி, கயிறு, இடுப்பில் ஒரு வாள், இவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறான். சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி, இரண்டு பொருள்கள் மட்டும் அவனோடு வருகின்றன. ஒன்று அந்தக் குப்பி, இருட்டுக்கு அது தேவை. மற்றொன்று மண் பெட்டி.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். வீடு திரும்ப மாட்டோம் என்று முடிவு செய்துவிட்டவனுக்கு, வீடு திரும்பினால் மட்டுமே பயன்படுகிற ஒரு பொருள் எதற்கு? ஒவ்வொரு பிடி எடையையும் எண்ணிப் பார்த்து எறிகிறவன் இதை ஏன் எறியவில்லை? டோல்கீன் காரணம் சொல்லவில்லை. பஞ்சத்தில் வீட்டில் உலை ஏறாதபோதும் விதைநெல் கோட்டையைத் தொடாமல் வைத்திருந்த நம் உழவர்களை நினைத்தால் எனக்குக் காரணம் புரிகிறது. விதைக்கிற வரைக்கும் உயிரோடு இருப்போமா என்பது அவர்களுக்கு வேறு கேள்வி. விதையைத் தின்னக் கூடாது என்பது அதற்கு முந்திய கட்டளை. சாம் ஒரு தோட்டக்காரன், அந்தக் கட்டளை அவன் கையில் இருக்கிறது.

அவர்கள் பிழைத்துத் திரும்புகிறார்கள். படத்தில் ஷயர் அப்படியே பசுமையாக இருக்கிறது. நாவலில் சாருமானின் ஆட்கள் ஊரைப் பாழாக்கியிருக்கிறார்கள். மரங்கள் வெட்டப்பட்டு, புகைபோக்கிகள் எழுந்து, ஆறு அழுக்காகி, பில்போ பிறந்தநாள் விருந்து வைத்த மைதானத்து மரமும் சாய்ந்து கிடக்கிறது. அதைப் பார்த்துச் சாம் அழுகிறான். மோர்டோரில்கூட அவன் இப்படி உடைந்துபோகவில்லை. பர்மிங்ஹாமுக்கு வெளியே சேர்ஹோல் என்ற சிற்றூரில் டோல்கீன் சிறுவயதில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். தமக்குப் பத்து வயது ஆவதற்குள் அந்த நாட்டுப்புறம் அழிக்கப்பட்டதை நாவலின் முன்னுரையிலேயே அவர் குறிப்பிடுகிறார். இந்த அத்தியாயத்தின் வலி அங்கிருந்து வருவது.

சாம் பெட்டியைத் திறக்கிறான். நுண்ணிய சாம்பல் நிறத் தூள், நடுவில் வெள்ளித் தோல் போர்த்த ஒரு விதை. காற்றில் தூவிவிடு, வேலை நடக்கும் என்கிறான் நண்பன் பிப்பின். மாய மண் அல்லவா, ஒரே வீச்சில் ஊர் முழுக்கப் பச்சையாகிவிடலாமே! சாம் அப்படிச் செய்யவில்லை. எங்கெங்கே அழகான மரங்கள் வெட்டப்பட்டனவோ அங்கெல்லாம் போய்க் கன்று நடுகிறான். ஒவ்வொரு கன்றின் வேரிலும் ஒரு துகள் வைக்கிறான். ஷயர் முழுக்க நடக்கிறான். சொந்த ஊர்ப் பக்கம் அவன் கூடுதல் கவனம் செலுத்தியதை யாரும் குறை சொல்லவில்லை. கடைசியில் மிஞ்சிய சிட்டிகையை ஷயரின் நடுவிலுள்ள ஒரு கல்லருகே போய் வானத்தில் வீசுகிறான். விதையை விருந்து மைதானத்தில், அந்தப் பழைய மரம் நின்ற இடத்தில் நடுகிறான். வசந்தத்தில் அங்கே ஒரு மல்லோர்ன் முளைக்கிறது. வெள்ளிப் பட்டையும் பொன்னிறப் பூவும் கொண்ட லோத்லோரியன் மரம், ஒரு ஹாபிட் கிராமத்தில்.

மாயம் அங்கே இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் குழி தோண்டியதும் கன்று நட்டதும் சாமின் கை. அந்த மாயத்தால் தானாக ஒரு மரத்தைக்கூட எழுப்ப முடியாது. மோதிரத்துக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. மோதிரத்தை யாரும் பராமரிக்க வேண்டியதில்லை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆளையும் தின்றுவிடும். மண்ணுக்கு ஆள் வேண்டும்.

ஃப்ரோடோவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். எரிமலையின் விளிம்புவரை மோதிரத்தைச் சுமந்துபோனவன், கடைசி நொடியில் அதைத் தனக்கென்று உரிமை கொண்டாடிவிடுகிறான். அவன் விரலைக் கடித்துப் பறித்து, தவறி நெருப்பில் விழுவது கொல்லம். பில்போவும் ஃப்ரோடோவும் கடைசியில் சாமும் இரக்கப்பட்டு அதைக் கொல்லாமல் விட்டதால்தான் அது அங்கே இருந்தது. ஃப்ரோடோவின் தாங்கும் சக்தி முடிந்த இடத்திலிருந்து பழைய இரக்கம் ஒன்று வேலையைத் தொடர்கிறது. இதை ஒழுக்கத் தோல்வி என்று எழுதிய வாசகர்களுக்கு, ஒருவன் தன்னால் முடிந்த அனைத்தையும் கொடுத்தபின் உடைவதைத் தோல்வி என்று சொல்லலாகாது என்ற பொருளில் டோல்கீன் பதில் எழுதினார். நண்பர்களைப் போர்முனையில் இழந்தவர் சொல்லும் பதில் அது.

ஊர் தழைத்த பிறகும் ஃப்ரோடோ தேறவில்லை. அக்டோபர் 6-ல், பயணத்தில் அதே நாளில் பட்ட கத்திக் காயம் திரும்பி வலிக்கிறது. மார்ச்சில், ஷீலாப் என்ற சிலந்தி கொட்டிய நாளில், நோய் வருகிறது. அவன் வாள் தொட மறுக்கிறான், ஊரில் அவனுக்குப் பெரிய மதிப்பும் இல்லை. ஷயரின் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு துகள் கிடைத்தது. ஃப்ரோடோவுக்குக் கொடுக்க அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை. சாமின் முதல் குழந்தை, மார்ச் 25-ல், மோதிரம் அழிந்த அதே தேதியில் பிறக்கிறது. எலனோர் என்று லோத்லோரியன் பூவின் பெயரை அதற்குச் சூட்டச் சொல்கிறவன் ஃப்ரோடோ. அந்தக் குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் அவன் ஷயரை விட்டுக் கப்பலேறிவிடுகிறான்.

இது தோல்வியா என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மீண்டெழுவது பற்றி எழுதும் ஆசிரியர் தன் நாயகனை மீண்டெழ விடவில்லையே என்கிறார்கள். நான் டோல்கீன் பக்கம் நிற்கிறேன். சில காயங்கள் ஊர் தேறினாலும் தேறாது என்பதை அவர் 1916-லேயே கண்டுவிட்டார். அதை மறைத்து ஓர் இனிப்பான முடிவை எழுதியிருந்தால் சாமின் மரங்களையும் நான் நம்பியிருக்க மாட்டேன். படத்தில் இல்லாத, ஷயர் பாழாகிக் கிடக்கும் அத்தியாயம் மூன்றாம் பகுதியிலுள்ள ஆறாம் நூலின் எட்டாவது, கப்பல் புறப்படுவது ஒன்பதாவது. இரண்டையும் சேர்த்து வாசித்துவிட்டு வாருங்கள். ஃப்ரோடோ ஷயரிலேயே தங்கியிருக்க வேண்டும் என்று இன்னும் தோன்றினால், அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தைக் கேட்க எனக்கு உண்மையிலேயே ஆவல். இப்போதே கேள்வி இருப்பவர்கள் எழுந்து கேட்கலாம்.